நிலைவில்லையா, சூம் வில்லையா?
புகைப்படக்கலை பயில்வோருக்கு ஓர் ஆய்வுரை

கலைகளை அறுபத்து நான்காக வகுத்த நம் முன்னோர் காலத்திலே புகைப்படக்கலை தோன்றியிருக்கவில்லை. 1839 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் டாகெர் என்பாரின் முறை உலகறிய வெளியிடப்பட்ட பின்னரே அக்கலை பொதுவாழ்விற் புகுந்தது எனலாம். இன்றோ அது முதியோர், இளையோர் என்னும் வேறுபாடின்றி அனைவர் கையிலும் தவழ்கின்றது. கைத்தொலைபேசி வைத்திருப்போர் யாவரும் படமெடுப்போரே. எனினும், அவ்வளவில் அமையாது இக்கலையை நல்லதொரு பொழுதுபோக்காகக் கொண்டு, வில்லையைக் கழற்றி மாற்றத்தக்க கமரா ஒன்றை வாங்கிப் பயில முற்படுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் முதலாண்டிலேயே எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. அஃதாவது, அடுத்து வாங்கவேண்டியது எவ்வகை வில்லை என்பதாம்.

கடைகளிலே 'பிரைம் லென்ஸ்' எனவும் 'சூம் லென்ஸ்' எனவும் இருவகை வில்லைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. குவியத்தூரம் மாறாது ஒரே அளவில் நிற்பது முன்னையது. வளையத்தைத் திருகும்போது குவியத்தூரம் கூடியும் குறைந்தும் வருவது பின்னையது. இக்கட்டுரையில் முன்னையதை நிலைவில்லை என்றும், பின்னையதைச் சூம் வில்லை என்றும் வழங்குவோம். இவற்றுள் எது சிறந்தது என வாதிடுவோர் பலர். ஆயின், யாருக்கு, எவ்வேலைக்கு, எவ்வளவு பணத்தில் என்னும் மூன்றையும் கேளாது சிறப்பைப் பற்றிப் பேசுதல் பயனற்றது. நல்ல வில்லையின் விலை கமராவின் விலைக்கு நிகராகவும் சிலவேளை அதனைவிட மிகுதியாகவும் இருத்தலால், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைச் செலவிடுமுன் இதனைச் சற்று ஆராய்தல் நன்று.

குவியத்தூரம் என்பது யாது?

வகுப்பறையிலே குவிவு வில்லையை வெயிலிற் பிடித்துக் கடதாசியைக் கருக்கியவர்கள் குவியத்தூரத்தை மறந்திருக்கமாட்டார்கள். சூரியனின் கதிர்கள் ஒரு புள்ளியிற் கூடும் இடத்துக்கும் வில்லைக்கும் இடைப்பட்ட தூரமே அது. கமராவின் வில்லை பல கண்ணாடித் துண்டுகளால் ஆனதாயினும், அவையெல்லாம் சேர்ந்து ஒரு குவிவு வில்லைபோலவே தொழில்புரிகின்றன. குவியத்தூரம் கூடக் கூட விம்பம் பெரிதாகும். கமராவுக்குள் அடங்கும் காட்சியோ சுருங்கும்.

இதனைச் சிறு கணக்கொன்றால் விளக்குவோம். 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடைய ஒளியுணரியைக் கொண்ட முழுச்சட்டக் கமராவில் 50 மி.மீ. வில்லையைப் பொருத்தி, 5 மீற்றர் தொலைவிலுள்ள சுவரை நோக்கினால், 3.6 மீற்றர் அகலமான பகுதி படத்தில் அடங்கும். அதே இடத்தில் நின்று 24 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் 7.5 மீற்றர் அடங்கும். 200 மி.மீ. வில்லையாயின் 90 சென்ரிமீற்றர் மாத்திரமே அடங்கும். மூலைக்கு மூலை அளந்த பார்வைக் கோணமாகக் கூறின், இவை முறையே ஏறத்தாழ 47, 84, 12 பாகைகளாம். 50 மி.மீ. வில்லை அகலக் காட்சிக்கும் தொலைக்காட்சிக்கும் இடைப்பட்டதாய் நிற்றலால் இயல்வில்லை எனப்படும்.

பயில்வோர் பலரின் கமராக்களில் உணரி சிறியது; ஏறத்தாழ 24 மி.மீ. அகலமும் 16 மி.மீ. உயரமும் கொண்டது. ஏ.பி.எஸ்.-சி என வழங்கும் இவ்வுணரி, முழுச்சட்டத்தின் நடுப்பகுதியை மாத்திரம் வெட்டியெடுத்தாற் போன்றது. ஆதலால், இதில் 50 மி.மீ. வில்லை முழுச்சட்டத்தின் 75 மி.மீ. வில்லைபோலக் குறுகிய காட்சியைத் தரும், 35 மி.மீ. வில்லையே இயல்வில்லையின் இடத்தைப் பெறும். இதனை அறியாது, '50 நல்லது' எனப் பிறர் சொல்லக் கேட்டு வாங்கியவர்கள், வீட்டு விறாந்தையில் நின்று குடும்பத்தவரைப் படமெடுக்க முற்படும்போது பின்னே செல்ல இடமின்றி இடர்ப்படுவர்.

இருவகையும் வளர்ந்த வரலாறு

டாகெரின் முறை தோன்றிய காலத்து வில்லைகள் மிகச் சிறிதளவு ஒளியையே உட்புகவிட்டன. அதனால் மனிதரைப் படமெடுத்தல் பெரும்பாடாயிற்று. 1840 ஆம் ஆண்டிலே வியன்னா நகரின் கணித அறிஞர் யோசெப் பெற்ஸ்வால், கணக்கிட்டு அமைத்த உருவப்பட வில்லையொன்றை ஆக்கினார். அது முன்னிருந்த வில்லைகளைவிடப் பதின்மடங்குக்கு மேல் ஒளியைத் தந்தது. 1902 இல் ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் போல் ருடொல்ப் ஆக்கிய டெஸ்ஸார் வில்லை, நான்கே கண்ணாடித் துண்டுகளால் கூர்மையான விம்பத்தைத் தந்து உலகெங்கும் பரவியது. 1925 இல் லைக்கா என்னும் சிறு கமரா விற்பனைக்கு வந்தபோது அதனுடன் வந்ததும் 50 மி.மீ. நிலைவில்லையே. பிரான்ஸ் நாட்டின் ஹென்றி கார்ட்டியே-பிரெஸொன் தம் வாழ்நாட் படங்களிற் பெரும்பாலானவற்றை 50 மி.மீ. வில்லையால் எடுத்தவர். நம் நாட்டின் லயனல் வென்ட் 1944 இல் மறைந்தார். அவருடைய புகழ்பெற்ற படங்கள் யாவும் நிலைவில்லையின் பேறுகளே. ஏனெனில், 35 மி.மீ. புகைப்படக் கமராவுக்கென ஒரு சூம் வில்லை அவர் காலத்திற் கடைக்கு வந்திருக்கவில்லை.

அத்தகைய வில்லை 1959 ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. பிராங்க் பக் என்பார் வகுத்து, வொய்க்ட்லாண்டர் நிறுவனம் விற்ற அவ்வில்லைக்குச் சூமார் என்பது பெயர். 36 முதல் 82 மி.மீ. வரை அது மாறும். அதற்குள் இருந்த கண்ணாடித் துண்டுகள் 14. யப்பானின் நிக்கோன் நிறுவனம் 1963 இல் வெளியிட்ட 43–86 மி.மீ. சூம் வில்லை பொழுதுபோக்காளரிடையே பெரிதும் பரவியது. ஆயினும், அக்காலச் சூம் வில்லைகள் கூர்மையிற் குறைந்தவை, நேர்கோட்டை வளைப்பவை என்னும் பழி எழுந்தது. அப்பழி அன்று பொருந்தியதே. இன்றும் அதனையே ஓதிக்கொண்டிருத்தல் பொருந்துமா என்பதுதான் வினா.

கண்ணாடியின் எண்ணிக்கையும் ஒளியின் இழப்பும்

ஒளிக்கதிர் காற்றிலிருந்து கண்ணாடிக்குட் புகும் ஒவ்வொரு முகத்திலும், வெளியேறும் ஒவ்வொரு முகத்திலும் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு தெறித்துவிடுகின்றது. டெஸ்ஸார் வில்லையிற் காற்றைத் தொடும் முகங்கள் ஆறே. ஆகவே, பூச்சில்லாத நிலையில் நூற்றுக்கு 78 பங்கு ஒளி மறுபுறம் சேரும். இக்காலத்துச் சூம் வில்லை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2012 இல் கெனன் நிறுவனம் வெளியிட்ட 24–70 மி.மீ. வில்லையில் 18 துண்டுகள் 13 தொகுதிகளாய் அமைந்துள்ளன; காற்றைத் தொடும் முகங்கள் 26. பூச்சில்லையாயின் ஒளியில் மூன்றிலொரு பங்கே படத்தைச் சேரும். இழந்த ஒளியோ வாளாவிருப்பதில்லை. அது உள்ளே முகத்துக்கு முகம் தெறித்து, வெண்புகை படிந்தாற்போலப் படத்தை மங்கச் செய்யும்.

இவ்விடரைத் தீர்த்தது பூச்சே. 1935 இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் சுமக்குலா, ஒளியலையின் நீளத்தினும் மெல்லிய படலமொன்றைக் கண்ணாடியின்மேற் படியவைத்துத் தெறிப்பைக் குறைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். பின்னர்ப் பல படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைக்கும் வழக்கம் வந்தது. ஒரு முகத்தின் இழப்பு அரைப் பங்காகக் குறைந்ததெனக் கொண்டால், 26 முகங்களைக் கடந்தும் நூற்றுக்கு ஏறத்தாழ 88 பங்கு ஒளி வந்து சேரும். இப்பூச்சும், கணிப்பொறியாற் செய்யப்படும் கணக்கும், கோளவடிவற்ற முகங்களை வார்க்கும் திறனும் ஒன்றுசேர்ந்தமையாலேயே இன்றைய சூம் வில்லை நிலைவில்லையின் அருகில் வந்து நிற்கின்றது. எஃப் 8 அளவுக்குத் துவாரத்தைச் சுருக்கி, இரண்டாலும் ஒரே காட்சியை எடுத்து, மேசைமேல் வைக்கும் அளவில் அச்சிட்டால், எது எதனால் எடுக்கப்பட்டதெனப் பிரித்தறிதல் அரிது.

ஆகவே, 'நிலைவில்லை கூர்மையானது, சூம் வில்லை மங்கலானது' என்னும் பழமொழியைக் கொண்டு பணத்தைச் செலவிடலாகாது. வேற்றுமை உண்மையில் வேறிடத்தில் இருக்கின்றது.

துவாரத்தின் பேறு

வில்லையின்மேல் எஃப் 1.8 என்றோ எஃப் 3.5–5.6 என்றோ பொறித்திருக்கக் காண்கின்றோம். குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்துப் பெறும் எண் இது. எண் சிறிதாயின் துவாரம் பெரிது. 50 மி.மீ., எஃப் 1.8 வில்லையின் துவாரம் ஏறத்தாழ 28 மி.மீ. விட்டமுடையது. கமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. சூம் வில்லையோ, 55 இல் நிற்கும்போது எஃப் 5.6 ஆகின்றது, அதன் துவாரம் ஏறத்தாழ 10 மி.மீ. தான். எஃப் 1.8 இல் உணரியில் விழும் ஒளி, எஃப் 5.6 இல் விழுவதினும் ஏறத்தாழப் பத்து மடங்காகும்.

இப்பத்து மடங்கு கமராவைக் கையிலெடுத்தவனுக்கு என்ன பொருள் தரும்? மாலைநேரத்தில் விறாந்தை விளக்கின் ஒளியிலே பாட்டியார் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லுகின்றார் எனக் கொள்வோம். எஃப் 1.8 வில்லைக்கு 1/100 செக்கன் போதுமாயின், எஃப் 5.6 வில்லைக்கு 1/10 செக்கன் வேண்டும். 1/100 செக்கனில் முகம் தெளிவாக நிற்கும். 1/10 செக்கனில் பேசும் வாயும் அசையும் கையும் குழம்பிவிடும். அதிர்வு தணிக்கும் பொறிமுறை வில்லையில் உண்டே என்பர் சிலர். அது படமெடுப்பவனின் கைநடுக்கத்தைத் தணிக்கும். படத்திலுள்ளாரின் அசைவை நிறுத்தமாட்டாது. ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பத்து மடங்கு உயர்த்தலாமே என்பர் வேறு சிலர். உயர்த்தலாம், ஆயின் புள்ளிகள் மலிந்து, தோலின் நயமும் நிழலின் நுட்பமும் கெடும். மின்வெட்டொளி விளக்கைப் பயன்படுத்தினாலோ, அவ்விறாந்தை விளக்கின் ஒளியே படத்தில் இல்லாது போய்விடும்.

பெருந்துவாரத்துக்கு வேறொரு தன்மையும் உண்டு. குவித்த இடத்துக்கு முன்னும் பின்னும் தெளிவாய்த் தோன்றும் பகுதியைத் தெளிவின் ஆழம் என்போம். முழுச்சட்டக் கமராவில் 50 மி.மீ. வில்லையால் ஒன்றரை மீற்றர் தொலைவில் இருப்பவரை எஃப் 1.8 இல் எடுத்தால் அவ்வாழம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர், அரைச்சாண் எனலாம். எஃப் 5.6 இல் அது 30 சென்ரிமீற்றர். முகம் தெளிவாகவும், பின்னாலுள்ள துணிக்கொடியும் தண்ணீர்த் தாங்கியும் கரைந்தும் தோன்றவேண்டுமாயின் முன்னையதே வேண்டும். ஆனால், இதனை எங்கும் கையாளுதல் பேதைமை. பழைய மாணவர் மூன்று வரிசையாய் நிற்க, 5 மீற்றர் தொலைவில் நின்று எஃப் 1.8 இல் எடுத்தால், தெளிவின் ஆழம் ஒரு மீற்றரளவே. முன்வரிசையில் அமர்ந்த அதிபர் தெளிவாகவும், பின்வரிசையினர் மங்கியும் தோன்றுவர். அங்கே எஃப் 8 ஏ தகும். அது சூம் வில்லையிலும் உண்டு.

தூரத்தோற்றம் பற்றிய ஒரு மயக்கம்

'நீண்ட வில்லை முகத்தை அழகாக்கும். அகன்ற வில்லை மூக்கைப் பெரிதாக்கும்' எனக் கூறுவது வழக்கம். இது பாதி உண்மையே. மூக்கைப் பெரிதாக்குவது வில்லையன்று. நாம் நிற்கும் இடமே. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையில் 12 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். அரை மீற்றர் தொலைவில் நின்று நோக்கினால், காது மூக்கைவிட நூற்றுக்கு 24 பங்கு அப்பால் உள்ளது. அவ்வளவுக்கு மூக்கு பெரிதாய்த் தோன்றும். இரண்டு மீற்றர் தொலைவில் நின்றால் அவ்வேறுபாடு 6 பங்காகக் குறைந்துவிடும். அகன்ற வில்லையை வைத்திருப்பவன் முகம் சட்டத்தை நிறைக்கவேண்டி அருகிற் செல்கின்றான். அருகிற் சென்றதனால் மூக்கு பெருத்தது. அவ்வளவே.

இவ்வுண்மையை உணர்ந்தோர்க்கு இருவகை வில்லைகளின் பயன் வேறுவிதமாய் விளங்கும். சூம் வில்லையை வைத்திருப்பவன் நின்ற இடத்தில் நின்றுகொண்டே வளையத்தைத் திருகிக் காட்சியைச் சுருக்குகின்றான். பொருள்களுக்கிடையிலான விகிதம் மாறுவதில்லை. நிலைவில்லையை வைத்திருப்பவனோ காட்சியைச் சுருக்க முன்னே நடக்கின்றான். நடக்குந்தோறும் முற்பொருளுக்கும் பிற்பொருளுக்கும் உள்ள விகிதம் மாறுகின்றது. நடந்து நடந்து, எவ்விடத்தில் நின்றால் எது எதனை மறைக்கும், எது எதனோடு சேரும் என்பதனைக் கால்களாற் கற்கின்றான். நிலைவில்லை நல்லாசிரியன் என முதியோர் கூறுவது இதுபற்றியே. சூம் வில்லையாலும் இதனைக் கற்கலாம். முதலில் நிற்கவேண்டிய இடத்தைத் தெரிந்து, அதன் பின்னரே வளையத்தைத் தொடுதல் வேண்டும். ஆயின், சோம்பலுக்கு இடங்கொடாத கருவி சோம்பலைப் பழக்குவதில்லை.

சூம் வில்லையின்றி ஆகாத இடங்கள்

கால்களால் நடந்து தீர்த்துக்கொள்ள இயலாத இடங்கள் உலகில் உண்டு. 10 மீற்றர் உயரமான தேர் வீதிவலம் வருகின்றது. கமராவை நிமிர்த்திப் பிடித்து, 50 மி.மீ. வில்லையால் அதனை அடக்க ஏறத்தாழ 14 மீற்றர் பின்னே நிற்கவேண்டும். வடம் பிடிப்போரும் அடியார்களும் நெருங்கிய ஒழுங்கையில் அவ்விடம் கிடையாது. 24 மி.மீ. ஆயின் 7 மீற்றர் போதும். அடுத்த கணமே, தேர்த்தட்டில் நிற்கும் குருக்களின் கையிலுள்ள தீபம் வேண்டுமாயின் 70 மி.மீ. வேண்டும். அந்நெரிசலில் வில்லையைக் கழற்றி மாற்ற முனைவது, காட்சியை இழப்பதோடு உணரியின்மேல் வீதிப்புழுதியையும் சேர்ப்பதாகும். படமெடுத்தல் விலக்கப்பட்ட உள்வீதிகளிற் கமராவை உறைக்குள் வைத்திருப்பதே நம் மரபு என்பதனையும் ஈண்டு நினைவூட்டுகின்றோம்.

துடுப்பாட்ட மைதானம் மற்றொன்று. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று 60 மீற்றருக்கு அப்பாலுள்ள துடுப்பாட்டக்காரரை 50 மி.மீ. வில்லையால் எடுத்தால், அவர் படத்தின் உயரத்தில் பதினாறிலொரு பங்காக மாத்திரமே தோன்றுவார். 200 மி.மீ. ஆயின் காற்பங்கு ஆவார். முன்னே நடந்து செல்ல நடுவர் விடமாட்டார். பந்தோ ஒருபோது அருகிலும் ஒருபோது தொலைவிலும் செல்லும். 70–200 அல்லது 70–300 மி.மீ. சூம் வில்லைக்கு இங்கே நிகரில்லை. பகல் வெளிச்சம் மிகுதியாயிருத்தலால் துவாரம் சிறிதாயிருத்தலும் பெருங்குறையன்று. திருமண வீடு, பயணம், பறவைகளின் வரவு என இவ்வாறு ஒரு முறையே நிகழ்வனவும், நாம் நினைத்தவாறு நெருங்கவொண்ணாதனவும் எல்லாம் சூம் வில்லைக்கே உரியன.

பெருந்துவாரமும் மாறும் குவியத்தூரமும் ஒன்றாய் வேண்டுமே எனின், அவையும் உள. 24 முதல் 70 வரை எங்கும் எஃப் 2.8 ஆகவே நிற்கும் வில்லைகள் தொழில்முறைப் புகைப்படக்காரரின் கருவிகள். சிக்மா நிறுவனம் 2013 இல் வெளியிட்ட 18–35 மி.மீ. வில்லை எங்கும் எஃப் 1.8 ஆகவே நிற்கும். ஆயின், விலையும் பாரமும் அதற்கேற்ப உயர்கின்றன. மேற்சொன்ன கெனன் 24–70 வில்லை ஏறத்தாழ 800 கிராம். அதே நிறுவனத்தின் 50 மி.மீ., எஃப் 1.8 நிலைவில்லை ஏறத்தாழ 160 கிராம். அரைப்பவுண்டுக்கும் குறைந்த கருவி எந்நாளும் தோட்பையில் இருக்கும். பாரமான கருவி அலுமாரியில் இருக்கும். அலுமாரியில் இருக்கும் வில்லை படமெடுப்பதில்லை.

நம்மூரிற் கவனிக்கவேண்டியன

கடற்காற்றும் ஈரப்பதனும் மிகுந்த நாடு நம்முடையது. மாதக்கணக்கில் உறைக்குள் மூடிவைத்த வில்லையின் உட்புறத்திலே சிலந்திவலை போன்ற பூஞ்சணம் படர்தல் இங்கே வழக்கமான நோய். நீண்டு குறுகும் சூம் வில்லைகள் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுத்தலால், புழுதிக்கும் ஈரத்துக்கும் அவை எளிதில் இடங்கொடுப்பன. தோலுறையும் துணிப்பையும் ஈரத்தைச் சேமிப்பன. ஆதலின் அவை ஆகா. காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவற்றை இடைக்கிடை உலர்த்தி, வில்லையை அடிக்கடி வெளிச்சத்தில் எடுத்துப் பயன்படுத்துதலே தக்க காவல். பழைய வில்லையை இரண்டாங் கையாக வாங்குவோர், கைவிளக்கொன்றை ஒரு முனையிற் பிடித்து மறுமுனையால் உள்ளே நோக்கிப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுத்தல் வேண்டும்.

நினைவைக் காத்தற்கு எது ஏற்றது?

இப்பொழுதுபோக்கு நம்மவர்க்குப் பொழுதுபோக்கு மாத்திரமன்று என்பதனையும் கூறுதல் கடன். 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது மீண்டும் பெறவியலாத ஏட்டுச்சுவடிகள் சாம்பலாயின. 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே கையிற் கொண்டதோடு வீடுகளை விட்டு நீங்கினோர், திருமணப் படங்களையும் பெற்றோரின் படங்களையும் சுவரிலேயே விட்டுச் சென்றனர். எஞ்சியிருக்கும் ஒரு சில படங்கள் இன்று உறவினர் வீடுகளிலே கறையான் அரித்தும் நிறம் மங்கியும் கிடக்கின்றன. அவற்றை அறிந்த முதியோரும் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். கமரா வைத்திருக்கும் நம் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரிலே இவற்றைப் படியெடுத்து வைப்பாராயின், அது பெருந்தொண்டாகும்.

அத்தொண்டுக்கு ஏற்றது நிலைவில்லையே என்பது நம் துணிபு. காரணம் கூறுவோம். எளிய சூம் வில்லை தன் அகன்ற முனையிலே நேர்கோட்டைப் பீப்பாவின் பக்கம்போல் வளைக்கும். பழைய படத்தின் சட்டமும் ஏட்டின் விளிம்பும் வளைந்து தோன்றும். 50 மி.மீ. நிலைவில்லையில் இவ்வுருத்திரிவு பெரும்பாலும் மிகச் சிறிது. எஃப் 8 இல் மூலைவரை எழுத்துத் தெளியும். படத்தைத் தட்டையாய் வைத்து, கமராவை நேர்மேலே தாங்கியிற் பொருத்தி, இருபுறமும் 45 பாகையில் விளக்குகளை வைத்தால், மினுக்கம் தெறியாது படியெடுக்கலாம். அதே வில்லையை எஃப் 2 க்கோ எஃப் 2.8 க்கோ திறந்து, யன்னலருகில் முதியவரை அமர்த்தி, கண்ணிற் குவித்து எடுத்தால், அவருடைய உருவமும் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும். ஒரே வில்லையால் இரு பணியும் நிறைவேறும். அதன் விலையும் பெரும்பாலான நிறுவனங்களின் விலைப்பட்டியலிற் கீழ்வரிசையிலேயே இருக்கின்றது.

தெரிவு செய்யும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து, பயில்வோர்க்குச் சில வழிகளைக் காட்டுவோம்.

முதலாவது, கமராவுடன் வந்த 18–55 மி.மீ. சூம் வில்லையை இகழ்ந்து ஒதுக்காதீர்கள். அது உங்கள் விருப்பத்தை உங்களுக்கே அறிவிக்கும் அளவுகோல். ஓராண்டு அதனாற் படமெடுங்கள். ஒவ்வொரு படக்கோப்பிலும் குவியத்தூரம் பதிவாகியிருக்கும். உங்களுக்குப் பிடித்த நூறு படங்களைத் தெரிந்து, அவற்றின் குவியத்தூரங்களை ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள். அவை 35 ஐச் சுற்றிக் கூடுகின்றனவா, 18 இல் முட்டி நிற்கின்றனவா, 55 ஐத் தாண்ட இயலாது தவிக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். எவருடைய அறிவுரையினும் அத்தாள் உண்மை பேசும்.

இரண்டாவது, நிலைவில்லை வாங்க எண்ணுவோர், சூம் வில்லையின் வளையத்தை 35 இல் நிறுத்தி, சிறு ஒட்டுநாடாவால் ஒட்டி, ஒரு மாதம் அதனைத் திருகாது படமெடுத்துப் பாருங்கள். மூச்சுமுட்டினால் வேறோர் எண்ணிற் செய்து பாருங்கள். கடைக்குப் போகாமலே நிலைவில்லையின் வாழ்வை இவ்வாறு பழகிக்கொள்ளலாம்.

மூன்றாவது, குறைபாடு எதுவென்பதனைப் பெயரிட்டுச் சொல்ல இயலுமாயின் மாத்திரமே புதிய வில்லையை வாங்குங்கள். 'மாலையில் என் படங்கள் குழம்புகின்றன' என்பவருக்கு எஃப் 1.8 நிலைவில்லை மருந்து. 'மைதானத்தில் வீரர்கள் எறும்புபோல் தெரிகின்றனர்' என்பவருக்கு 70–300 சூம் வில்லை மருந்து. 'என் படங்களிற் சுவையில்லை' என்பவருக்கோ எவ்வில்லையும் மருந்தாகாது. நல்ல படங்களைப் பார்த்தலும், விடியலில் எழுந்து நடத்தலுமே மருந்து.

நான்காவது, நிலைவில்லையின் குறுக்கத்தை ஓரளவு வெட்டியும் தீர்க்கலாம். 6000 புள்ளி அகலமும் 4000 புள்ளி உயரமும் உடைய படத்தின் நடுவிற் பாதி அகலத்தையும் பாதி உயரத்தையும் மாத்திரம் வைத்துக்கொண்டால், 50 மி.மீ. வில்லை 100 மி.மீ. வில்லையின் காட்சியைத் தந்ததாகும். எஞ்சுவது 3000 க்கு 2000. அங்குலத்துக்கு 300 புள்ளியாக அச்சிட்டாலும் 10 அங்குல அகலம் வரும். பெரும்பாலான கைத்தொலைபேசிகள் செய்வதும் இதுவே. அவற்றின் முதுகிலுள்ள இரண்டு, மூன்று கண்களும் பெரும்பாலும் நிலைவில்லைகளே. இடைப்பட்ட அளவுகளை வெட்டியே தருகின்றன.

சுருங்கக் கூறின், சூம் வில்லை நிகழ்ச்சியைத் தவறவிடாது. நிலைவில்லை ஒளியைத் தவறவிடாது. ஓடும் பொருளையும் ஒதுங்க இடமற்ற வீதியையும் நாடுவோர் முன்னையதைக் கொள்க. மனிதரின் முகத்தையும், மாலையின் ஒளியையும், மறையவிருக்கும் பழம்பொருளையும் நாடுவோர் பின்னையதைக் கொள்க. ஒன்றே வாங்க இயலும் என்பவர்க்கு, கமராவுடன் வந்த சூம் வில்லைக்குத் துணையாக எஃப் 1.8 அளவுடைய நிலைவில்லை ஒன்றைச் சேர்க்குமாறு கூறுவோம். சிற்றுணரியாயின் 35 மி.மீ., முழுச்சட்டமாயின் 50 மி.மீ. அதற்குமேல் ஓராண்டு கழியும்வரை வேறொன்றும் வாங்காதிருத்தல் நன்று. மிஞ்சிய பணத்தை, எடுத்த படங்களுள் நல்லனவற்றை அச்சிட்டுத் தொகுத்து வைக்கச் செலவிடுங்கள். வில்லைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். கணினியின் வட்டும் ஒருநாட் பழுதாகும். ஆதலின் நல்ல தாளில் அச்சிட்டுப் பெயரும் ஆண்டும் எழுதி, இரண்டு வீடுகளில் இரண்டு பிரதிகளாக வையுங்கள். அடுத்த தலைமுறை கையிலெடுத்துப் பார்க்கப்போவது அப்பிரதிகளையே.